மழை நாளில் பால் வெட்டுவதில்லை

பெண்கள் வார்டில் அப்போது வாடை என்றால் அது அவள் கட்டிலிலிருந்துதான் வரும். பினாயில் வாடையும் மருந்து வாடையும் ஆஸ்பத்திரியில் பழகிப்போன சங்கதி. இது வேறு. அவள் இருமி மூச்சு விட்டால் பக்கத்துக் கட்டில்காரிகள் போர்வையை மூக்குக்கு மேலே இழுத்துக்கொள்வார்கள். சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போன ஒருத்தியை நான் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்து பழைய இடத்திலேயே உட்காரவைத்திருக்கிறேன். எனக்கு அந்த வயதில் வாய் நீளம், பொறுமை குட்டை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த பெண் வேறு எப்படி இருக்கும் என்று அம்மா எனக்காகப் பரிந்து பேசுவார்.

முப்பதுகளின் நடுப்பகுதி அது. கோலாலம்பூரில் நான் வேலை பார்த்த பெரிய ஆஸ்பத்திரியில் தமிழ் பேசும் நர்சுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் தோட்டங்களிலிருந்து வரும் பெண்களுக்கெல்லாம் நான்தான் காது, நான்தான் வாய். டாக்டர் சொல்வதை அவர்களுக்குச் சொல்வேன். அவர்கள் சொல்வதை, திட்டை மட்டும் கழித்துவிட்டு, டாக்டருக்குச் சொல்வேன்.

இவள் காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா இழுப்பு. அதன் மேல் நிமோனியா வந்து, தீர்ந்தது மாதிரி தீர்ந்து, வலது நுரையீரலின் அடியில் சீழ்க்கட்டியாகத் தங்கிவிட்டது. கிள்ளானில் பார்த்துவிட்டு எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். தூக்கிப் படுக்கவைத்தபோது எனக்கு ஒரு பெண்ணைத் தூக்குகிறோம் என்றே தோன்றவில்லை. துவைத்த துணிமூட்டை அதைவிடக் கனக்கும்.

சர்ஜன் ஒரு வெள்ளைக்காரர். எல்லோரும் துரை என்போம். அதிகம் பேசமாட்டார். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, அவளுக்கு விளங்கும்படி சொல் என்று என்னிடம் நிதானமாகச் சொன்னார். முதுகுப் பக்கம் விலா எலும்பில் ஒரு துண்டை எடுத்து, அந்த வழியாகக் கட்டியைத் திறந்து, குழாய் வைத்துச் சீழை வெளியே விடவேண்டும். ஆனால் இப்போது முடியாது. மயக்க மருந்து கொடுத்தால் இழுப்பு தூக்கிவிடும். மயங்கிக் கிடக்கும்போது சீழ் நல்ல நுரையீரலுக்குள் இறங்கினால் அவள் தன் சீழிலேயே மூழ்கிப்போவாள். ஆகவே ஊசி போட்டு அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, அவள் முழித்திருக்கும்போதே செய்யவேண்டும். அதற்கும் முதலில் சீழ் பெருமளவு வாய் வழியாக வடிந்திருக்கவேண்டும், காய்ச்சல் இறங்கவேண்டும், உடம்பில் கொஞ்சம் தெம்பு ஏறவேண்டும். இல்லையென்றால் கத்தி எடுக்கமாட்டேன், வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார். வீட்டுக்கு அனுப்புவது என்றால் என்னவென்று வார்டில் தரை கூட்டுகிறவளுக்கும் தெரியும்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுத்திருக்கத் தெரிந்த மனிதர் அவர். அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை இருந்தது. ஆனால் பொறுத்திருக்கும் நாட்களில் பாடுபடவேண்டியது நானும் அவளும்.

முதல் சண்டை வெற்றிலைக்கு. புகையிலையோடு மென்று பழகிய வாய். சேலை மடியில் பொட்டலம் ஒளித்து வைத்திருந்தாள், பிடுங்கி எறிந்தேன். பல்லைக் காலையும் மாலையும் துலக்கவைத்து, ரோஜா நிறத்து மருந்துத் தண்ணீரால் கொப்பளிக்கவைத்தேன். பாலில் முட்டையை அடித்துக் கொடுத்தால் குமட்டுவாள். கிண்ணம் காலியாகும்வரை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பேன். இரண்டு கண்ணாடிக் குப்பிகளை ரப்பர் குழாயால் இணைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்குத் தண்ணீரை ஊதித் தள்ளவேண்டும். சுருங்கிக் கிடக்கும் நுரையீரலை விரிக்க அது ஒரு பயிற்சி. முதலில் அவள் ஊதியதில் தண்ணீர் அசைந்தது, அவ்வளவுதான். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி ஊதினாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

பெரிய வேலை தலைகீழாகத் தொங்குவது. கட்டிலுக்குக் குறுக்கே குப்புறப் படுத்து, இடுப்புவரை மெத்தையில் வைத்து, நெஞ்சும் தலையும் கீழே தொங்க, முழங்கைகளைத் தரையில் ஊன்றிக்கொண்டு இருமவேண்டும். கட்டியில் நிற்கும் சீழ் அப்போதுதான் வாய்க்கு வரும். இதைப் புத்தகத்தில் இருந்தபடி அவளுக்குச் சொன்னேன். ஏதோ கழைக்கூத்தாடச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தாள். இழுப்புக்காரிக்குத் தலையைத் தாழ்த்தினாலே மூச்சு முட்டும்; பயம் வேறு. நான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வேறு வழியில் போனேன்.

"அக்கா, பால்மரத்துல கோடு எப்படிப் போடுவீங்க?"

"சாய்வாத்தான். வேற எப்படி? இடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ."

"ஏன் சாய்வா?"

"நேரா போட்டா பால் அங்கயே நிக்கும் மிஸி. எப்படி மங்குல விழும்?"

நர்சைத் தோட்டத்தில் மிஸி என்பார்கள். மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் கிண்ணம் மங்கு.

"உங்க நெஞ்சுல இருக்கறதும் அப்படித்தான் நிக்குது. நீங்க நிமிந்து உக்காந்துகிட்டே இருந்தா எந்தக் காலத்துல வடியறது? சாய்ச்சாத்தான் வரும்."

அவள் முகம் மாறியது. சுவரைப் பார்த்துக்கொண்டு எதையோ கணக்குப் பண்ணினாள்.

"அப்ப வெள்ளனவே வெட்டணும்" என்றாள். "வெயில் ஏறினா பால் நின்னுரும்."

உண்மையும் அதுதான். ராத்திரி முழுக்கச் சேருவது விடியற்காலையில்தான் நன்றாக வரும். அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

அன்று முதல் யாரும் அவளை எழுப்பவேண்டியதில்லை. விடியுமுன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுந்து பழகிய உடம்பு. மணி அடிக்காமலே விழித்துக்கொள்ளும். நான் காலை வேலைக்கு வரும்போது அவள் கட்டிலுக்குக் குறுக்கே தொங்கிக்கொண்டிருப்பாள், கீழே இனாமல் கிண்ணம். வலது இடுப்புக்கு அடியில் ஒரு சின்னத் தலையணையைச் செருகி, உடம்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, எந்தச் சாய்வில் நன்றாக வடிகிறது என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். நடுவில் மூச்சு அடைக்கும், நகம் நீலம் பாரிக்கும். எழுந்து உட்கார்ந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு திரும்பியதும் மறுபடி இறங்குவாள். போதும் அக்கா, நாளைக்குப் பார்க்கலாம் என்றால் கேட்கமாட்டாள்.

"நிரையைப் பாதியில விட்டுட்டு வந்தா கங்காணி சும்மா விடுவாரா?" என்பாள். ஆளுக்கு இத்தனை மரம் என்று பிரித்துக் கொடுத்த வரிசைதான் நிரை. அவளுடைய நிரை இப்போது அவள் நெஞ்சுக்குள் இருந்தது.

படுக்கும்போதும் சாய்வு வேண்டும் என்று கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் வைத்துத் தூக்கினேன். பளபளப்பாகத் தேய்த்த தரையில் செங்கலா என்று மேட்ரன் வந்து நின்றார். பழைய கம்பளியைக் கிழித்துச் செங்கல்லுக்குச் சட்டை தைத்து மாட்டிவிட்டு, தரையில் ஒரு கீறல் விழுந்தால் என்னைக் கேளுங்கள் என்றேன். வாடைக்காக அவளை வராந்தாவுக்கு மாற்றவும் பேச்சு நடந்தது. துரையின் உத்தரவு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று எனக்குத் தெரியும்.

கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சல் இறங்கியது. குப்பித் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குக் குபுகுபுவென்று போக ஆரம்பித்தது. வாடைகூடக் குறைந்தது, சோற்றுத் தட்டோடு ஓடியவள் இப்போது அவளுக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தாள். துரை அவள் முதுகில் காதுக்குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, அடுத்த வாரம் செய்துவிடலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷன் கிள்ளானிலிருந்து ரயிலில் வந்திருந்தான். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் மகளைத் தோளில் தூக்கி ஜன்னலுக்கு வெளியே காட்டினான். அந்தப் பெண் குழந்தை அம்மாவை அடையாளம் தெரியாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த முறை அதற்கு அடையாளம் தெரியும் என்று நான் அவனிடம் சொன்னேன்.

மறுநாளே என்னைக் குழந்தைகள் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஆள் பற்றவில்லை. என் இடத்துக்கு வந்த சீன நர்ஸ் நல்ல வேலைக்காரி. ஆனால் தமிழ் தெரியாது, இவளுக்கு மலாய் அவ்வளவாகப் போதாது. அந்த வாரம்தான் மழை பிடித்துக்கொண்டது. விடியற்காலையில் ஆரம்பித்தால் பத்து மணிக்குத்தான் விடும்.

வாரக் கடைசியில் நான் பெண்கள் வார்டுக்குத் திரும்பி வந்தபோது அவள் பழைய ஆளாக இல்லை. காய்ச்சல் கொதித்தது, உதடு கறுத்திருந்தது, பேச மூச்சு இல்லை. வார்டில் பழைய வாடை. துரை வந்து பார்த்தார். ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டு, வெளியே வந்ததும் என்னிடம், இன்னும் ஒரு முறை பார்ப்போம், அதற்கும் இப்படி இருந்தால் அவள் புருஷனை வரச் சொல் என்றார். சீன நர்சைப் போய்ப் பிடித்துக்கொண்டேன். தினமும் காலையில் அவளைத் தொங்கச் சொல்லி இழுத்துப் பார்த்தாளாம். இவள் ஜன்னலைக் காட்டிக் காட்டித் தலையை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொண்டாளாம்.

ஜன்னலை ஏன் காட்டவேண்டும்? எனக்கு விளங்கவில்லை. மனசு விட்டுப்போய்விட்டது, இனி இவளைத் தேற்றமுடியாது என்று நினைத்தேன்.

மறுநாள் வானம் வெளுத்திருந்தது. நான் வார்டுக்குள் நுழைகிறேன், அந்தக் காய்ச்சலோடு, உடம்பு வெடவெடக்க, கட்டிலுக்குக் குறுக்கே தொங்கிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவளைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திட்ட ஆரம்பித்தேன்.

"இன்னைக்கு முடியுதுல்ல? இத்தனை நாளா ஏன் படுத்துக் கிடந்தீங்க? உயிர் என்ன கடையில விக்குதா?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"மழையில யாராச்சும் வெட்டுவாங்களா மிஸி?"

"என்னது?"

"மழை பேஞ்சா வெட்டு இல்லையே. பட்டை நனைஞ்சிருந்தா பால் கோட்டுல நிக்காது. மங்குல விழாம மரம் பூரா வழிஞ்சு வீணாயிரும்." மூச்சு வாங்கிக்கொண்டு நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "இதுவும் உள்ளார கண்ட எடத்துல வழிஞ்சிட்டா? நல்ல பக்கம் போயிட்டா? அதான் வெயில் வரட்டும்னு இருந்தேன். அந்த சீன மிஸிக்குச் சொன்னேன், அவங்களுக்கு வெளங்கல."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். நர்சுகள் கட்டிலில் உட்காரக்கூடாது. மேட்ரன் பார்த்திருந்தால் தொலைந்தேன். மெதடிஸ்ட் வீட்டுப் பெண் சொல்லக்கூடாத பழமொழிதான், ஆனாலும் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்திருந்தது. சோம்பலும் இல்லை, பயமும் இல்லை. நான் சொன்னதை அவள் என்னைவிட முழுசாக நம்பியிருந்தாள். சீழ் நல்ல பக்கம் போகக்கூடாது என்று துரை சொன்னதைக்கூட மறக்காமல், அதைக் காப்பாற்றத்தான் கொதிக்கும் காய்ச்சலோடு வெயிலுக்குக் காத்துக் கிடந்திருக்கிறாள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

"அக்கா, மேல பாருங்க" என்றேன். "என்ன இருக்கு?"

"ஓடு."

"உங்க மரம் ஓட்டுக்குக் கீழ நிக்குது. இதுக்கு மழை கிடையாது. இடி விழுந்தாலும் வெட்டணும்."

அவள் கூரையை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். "இதை முன்னயே சொல்லியிருக்கலாம்ல மிஸி" என்றாள். நான் கிண்ணத்தைக் கழுவி வந்து அவள் கட்டிலடியில் வைத்தேன்.

அடுத்து வந்த நாட்களில் அவள் உழைத்ததைப் போல ஒரு உழைப்பை நான் கண்டதில்லை. தூக்குகிற கத்தியும் அறுக்கிற கையும்தான் ஆஸ்பத்திரியில் பெரிது என்று நினைக்கிறவர்கள் அவளைப் பார்த்திருக்கவேண்டும். இழந்ததை எல்லாம் முக்கி முனகித் திரும்பப் பிடித்தாள். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. சாயங்காலம் எந்தத் தோட்டத்தில் வெட்டுகிறார்கள் என்று நான் சீண்டினால், இது ஓவர்டைம் என்பாள். காய்ச்சல் இறங்கியது. துரை மறுபடி காதுக்குழாயை வைத்துக் கேட்டுவிட்டு நாள் குறித்தார். ஒன்று மட்டும் என்னிடம் அழுத்திச் சொன்னார்: அன்று காலையில் கட்டி காலியாக இருக்கவேண்டும். அது நிறைந்திருக்கும்போது திறந்தால், அவள் இருமும் ஒரு இருமலில் எல்லாம் நல்ல நுரையீரலுக்குள் போய்விடும்.

அந்த நாளில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஆற்றுத் தண்ணீர் ஏறி பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ரோட்டில் முழங்கால்வரை நின்றது. பஸ் இல்லை, ரிக்‌ஷாக்காரர் வரமாட்டேன் என்றார். சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றுவழியில் நடந்தேன். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. அவள் இந்த மழைச் சத்தத்தில் கண் விழித்திருப்பாள். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம். மழை என்றால் தோட்டத்து லயத்து வீட்டில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடி படுத்துவிடுவார்கள். ஒரு வார்த்தை சொன்னதில் அது போய்விடுமா? இன்றும் தள்ளிப்போனால் அடுத்த முறை கிடையாது. வேதத்தில் எனக்குத் தெரிந்த சங்கீதத்தையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன்.

சொட்டச் சொட்ட நனைந்துபோய் வார்டுக்குள் நுழைந்தேன். அவள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவி, தலை பின்னி முடித்திருந்தாள். பக்கத்தில் இனாமல் கிண்ணம், மேலே துணி மூடி.

"நிரை முடிஞ்சிருச்சு மிஸி" என்றாள். "மங்கைப் பாருங்க."

துணியை எடுத்துப் பார்த்தேன். அத்தனை அருவருப்பான ஒன்றை அத்தனை சந்தோஷமாக எந்த மனுஷியும் பார்த்திருக்கமாட்டாள்.

ஆபரேஷன் அறையில் அவளை உட்காரவைத்து, முன்னால் உயரமான மேஜையில் கைகளை மடக்கித் தலையைச் சாய்க்கவைத்தார்கள். நான் எதிரில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். முதுகில் மரக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, ஏதாவது கேட்கவேண்டுமா என்று கேள் என்றார் துரை.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள். "பட்டையோட நிக்கச் சொல்லுங்க. அதுக்கு உள்ளார மரத்துல உளி பட்டா அந்த எடத்துல மறுபடி பட்டை வராது, கெட்டுப்போயிரும்."

வார்த்தை மாறாமல் இங்கிலீஷில் சொன்னேன். அறையில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. இந்த நாட்டில் இருக்கிற வெள்ளைக்காரருக்கு ரப்பர் தெரியாதா? கவனமாக இருக்கிறேன் என்று சொல் என்றார்.

எலும்பை வெட்டும் சத்தம் எனக்கே பொறுக்கவில்லை. அவள் என் விரல்களை நெரித்தாள். இருமவேண்டாம் என்ற இடத்தில் இருமவில்லை, மூச்சை மெல்ல விடு என்ற இடத்தில் குப்பியில் ஊதிய மாதிரி மெல்ல விட்டாள். பிறகு அந்த வாடை வந்தது. அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"வந்துருச்சா மிஸி?"

"வந்துருச்சு அக்கா."

"மங்குல விழுதா, கீழ வழியுதா?"

எட்டிப் பார்த்தேன். அடியில் மிச்சமிருந்தது குழாய் வழியாகச் சுத்தமாகக் கிண்ணத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"மங்குலதான் விழுது" என்றேன். அத்தனை நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அப்போதுதான் அழுதாள்.

குழாயை எடுத்து, காயம் ஆற நாளாயிற்று. இழுப்பு இருந்தது, அது சாகும்வரை இருக்கிற நோய். ஆனால் சீழ் போய்விட்டது, காய்ச்சல் போய்விட்டது, கன்னத்தில் சதை பிடித்தது. வீட்டுக்குப் போகலாம் என்று துரை சொன்ன அன்று, அவர் எதிரிலேயே, முதுகைப் பார்க்கவேண்டும் என்றாள். நான் என் கைக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்து, குளியலறைக் கண்ணாடியைக் கழற்றி வந்து பின்னால் பிடித்தேன். அவள் அவசரப்படவில்லை. வெட்டுக்காரர்கள் போட்ட கோட்டைக் கங்காணி மரம் மரமாகப் பார்த்துவருவாரே, அப்படித் தழும்பை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கையைப் பின்னால் வளைத்து விரலால் தடவினாள். துரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"கோடு நல்லா சாய்வா போட்டிருக்காரு" என்றாள். "மரத்துல படலை. துரைகிட்ட சொல்லுங்க மிஸி, புதுப்பட்டை வந்துருச்சுன்னு."

அதையும் வார்த்தை மாறாமல் இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தேன். துரை என்னை முடிக்கவிடாமல், அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.